அந்தக் காலம் நல்ல காலமா?

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. “அந்தக் காலம் போல வருமா?” என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். மற்ற மூவரும் தலையசைப்பார்கள்.

சென்ற மாதம் திருவண்ணாமலையில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுள் ஓரத்துத் திண்ணையில் நாங்கள் சிலர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு வழக்கம்போல் பின்னோக்கி ஓடியது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்தை ஒருவர் நினைவுபடுத்தினார். நீல நிற இன்லண்டு கடிதத்தை மற்றொருவர். தெருவுக்கு ஒரே டி.வி. இருந்ததையும், அதன்முன் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்ததையும் இன்னொருவர். கடைசியில், “அப்போதெல்லாம் மனுஷன் மனுஷனாக இருந்தான், இந்தக் கைபேசி வந்துதான் எல்லாம் கெட்டது” என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

அருகில் இருந்த கல்லூரி மாணவன் ஒருவன் தலைநிமிர்ந்து, “அப்ப நாங்கள்லாம் கெட்ட காலத்துல பொறந்துட்டோமா மாமா?” என்று கேட்டான்.

அவன் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. ஆளுக்கு ஒரு சிரிப்புச் சிரித்து எழுந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு தலைமுறையைப் பார்த்து, ‘நல்லதெல்லாம் எங்களோடு முடிந்துபோயிற்று’ என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? அது உண்மைதானா?

என்ன இருந்தது அன்று?

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம்.

திருவண்ணாமலை 1989-ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரான பிறகும், வீட்டில் டெலிபோன் வைத்திருந்தவர்கள் எங்கள் தெருவில் ஒரே ஒரு குடும்பத்தார்தான். இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஒரு வீட்டில் போன் இருந்தால் அது தெருவுக்கே சொந்தம். கல்யாணப் பத்திரிகையில்கூட ‘பி.பி. நம்பர்’ என்று போட்டு அந்த வீட்டு எண்ணை அச்சடித்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, “உங்களுக்குப் போன்! பத்து நிமிஷத்துல திரும்பப் பண்றாங்களாம்” என்று சொல்லிவிட்டுப் போகும். என் அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அந்த வீட்டார் இந்துக்கள். இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்தாலும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பெருநாளன்று பிரியாணி முதலில் போவது அவர்கள் வீட்டுக்குத்தான். கார்த்திகை தீபத்தன்று பொரி உருண்டை முதலில் வருவதும் அங்கிருந்துதான்.

பூத்தில் சிவப்பு எண்கள் ஓடும் கருவியைப் பார்த்தபடியே பேச வேண்டும். இரவானால் கட்டணம் பாதியாகும். இன்னும் தாமதித்தால் கால்வாசியாகும். அதற்காகவே இஷா தொழுதுவிட்டு வரிசையில் நிற்பவர்கள் உண்டு. பௌர்ணமி இரவுகளில் கிரிவலம் வந்த வெளியூர்க்காரர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். ‘வந்து சேர்ந்தோம்’ என்ற இரண்டு வார்த்தைக்காக அரைமணி நேரம் நிற்பார்கள்.

1995 ஜூலை 31-ஆம் நாள் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு. அதன்பின் பல ஆண்டுகள், அழைப்பவர் மட்டுமின்றி அழைக்கப்படுபவரும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003 மே மாதத்தில்தான் உள்ளே வரும் அழைப்பு இலவசமாயிற்று. அதுவரை, கைபேசி வைத்திருந்தவர்கூட மணி அடித்தால் எண்ணைப் பார்த்துத் துண்டித்துவிட்டு, பக்கத்துக் கடைப் போனுக்கு ஓடுவார். ஒருமுறை அடித்து நின்றால் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’, இருமுறை அடித்தால் ‘திரும்பக் கூப்பிடு’ என்று ‘மிஸ்டு கால்’ ஒரு தனி மொழியாகவே இருந்தது.

கடிதமோ, தலைப்பில் 786 என்று எழுதி, ஸலாம் சொல்லி, அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாவரும் நலம் என்று தொடங்கும். அத்தாவுக்கு ஒரு ஸலாம், அக்காவுக்கு ஒரு ஸலாம், அக்கம்பக்கத்தாருக்கு ஒரு ஸலாம் என்று பெயர் பெயராக வரும். யார் பெயராவது விட்டுப்போனால் அது ஒரு மனத்தாங்கலாகவே ஆகிவிடும். ஆகவே, எழுத உட்காருகிறவர் ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாக வேண்டும்.

இவையெல்லாம் இனிமையான நினைவுகளே. இல்லை என்று யார் சொல்ல முடியும்?

மறந்துபோன மறுபாதி

ஆனால் நினைவு ஒரு விசித்திரமான கணக்குப்பிள்ளை. வரவை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு செலவை அழித்துவிடுகிறது.

என் அண்ணன் தம்மாமில் வேலை பார்த்துவந்தார். 1998-இல் எங்கள் அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை ஸுப்ஹுக்குப் பின் வஃபாத்தானார்கள். பூத்துக்கு ஓடி, அண்ணன் வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்தேன். அண்ணன் ஊருக்கு வெளியே வேறொரு வேலையிடத்துக்குப் போயிருந்தார். பேசியவர் செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அந்தத் தாள் இரண்டு நாள் ஒரு மேசைமேல் கிடந்தது. மூன்றாம் நாள்தான் அது அண்ணன் கைக்குப் போயிற்று. அதற்குள் அம்மாவை அடக்கம் செய்து, ஃபாத்திஹாவும் ஓதியாகிவிட்டது. தாய் மண்ணுக்குள் போய்விட்டாள் என்பதை அறியாமலே, அந்த இரண்டு நாளும் அவர் ஒவ்வொரு தொழுகையிலும் தாயின் ஆயுளுக்காக துஆச் செய்திருக்கிறார்.

அதைவிடக் கொடுமை பின்னால் வந்தது. விடுமுறையில் ஊர் திரும்பிய போளூர் நண்பர் ஒருவரிடம் அண்ணன் முன்பே ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். அந்நாளில் வளைகுடா நாடுகளில் இருந்தவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கம். அம்மா போய் இருபத்திரண்டாம் நாள் அந்தக் கேசட் வீட்டுக்கு வந்தது. மேலே, ‘அம்மாவுக்கு’ என்று எழுதியிருந்தது. அதைப் போட்டுக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அக்கா அதைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

எங்கள் கதை ஒன்றும் தனிக்கதை அல்ல. வெளிநாட்டில் பிள்ளைகளை விட்டிருந்த பல வீடுகளில் இதைப்போல் ஒன்று நடந்திருக்கும். தந்திக்காரர் சைக்கிள் மணி கேட்டாலே பெண்கள் நெஞ்சில் கை வைத்த காலம் அது. 2013 ஜூலை மாதத்தில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது பலர் வருத்தப்பட்டார்கள். ஆனால் தந்தி வந்த நாளில் யாராவது மகிழ்ந்தார்களா?

இன்று தம்மாமில் இருக்கும் மகன், இங்கே மருத்துவமனையில் படுத்திருக்கும் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். கலிமாவைக்கூடக் கைபேசி வழியே காதில் சொல்லிக் கொடுக்கிறான். இது எத்தனை பெரிய நிஃமத்! ‘அந்தக் காலம் போல வருமா?’ என்று சொல்லும் நாம், இந்த நிஃமத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயாரா?

பசித்திருந்தவன் நோன்பாளியா?

இனி, கேள்வியின் வேருக்கு வருவோம். அந்தக் காலத்தில் மனிதரிடம் பொறுமை இருந்தது, அடக்கம் இருந்தது, வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள் என்கிறோம். இவற்றை நாம் விரும்பிச் செய்தோமா? அல்லது வேறு வழியில்லாததால் செய்தோமா?

ஒருவன் வீட்டில் அரிசி இல்லை. காலையிலிருந்து மாலைவரை ஒரு பருக்கையும் உண்ணவில்லை. மக்ரிபு பாங்கு கேட்டதும் எங்கிருந்தோ கஞ்சி வருகிறது, குடிக்கிறான். இவனை நோன்பாளி என்போமா? பட்டினி கிடந்தான் என்போம், இரக்கப்படுவோம். ஆனால் நோன்பாளி என்று சொல்ல மாட்டோம். ஏனெனில் அவனிடம் நிய்யத் இல்லை. சோறு முன்னால் இருந்தும், பார்ப்பவர் எவரும் இல்லாதிருந்தும், இறைவனுக்காகக் கையை இழுத்துக்கொண்டவனே நோன்பாளி. செயல்கள் எண்ணத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பது நம் குழந்தைகளுக்கும் தெரிந்த பாடம்.

இந்த அளவுகோலை அந்தக் காலத்தின்மீது வைத்துப் பாருங்கள். சாப்பிடும்போது கைபேசியைப் பார்க்காமல் இருந்தோம், கைபேசியே இல்லை. பதில் கடிதத்துக்குப் பதினைந்து நாள் பொறுத்திருந்தோம். விமானத்தபால் வந்து சேர அத்தனை நாள் ஆயிற்று. நாம் பட்டினி கிடந்தோம். அதை இன்று நோன்பு என்று பெருமை பேசுகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழத்தான் வேண்டும். ‘ரமலானில் நோன்பு வைப்பது எளிதாக இருக்கிறது, மற்ற மாதங்களில் நஃபில் நோன்பு வைப்பது கடினமாக இருக்கிறது. ஏன்? ரமலானில் வீடே, தெருவே நோன்பிருக்கிறது. ஆகவே சூழ்நிலையும் மனிதனை நல்லவனாக்குகிறது அல்லவா? அந்தக் காலத்தின் இல்லாமை ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரு ரமலானாக இருந்தது. இன்று பிள்ளையைத் தனியே நஃபில் நோன்பு வைக்கச் சொன்னால் எப்படி?’

இது நியாயமான பேச்சு. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். நம் ஏக்கத்தில் உண்மையாக இருக்கும் பகுதி இதுதான் என்றும் நினைக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தாமலே எல்லோருக்கும் ஒரே அளவாகக் கிடைத்த அந்தப் பொதுவான அடக்கத்துக்காகவே நாம் ஏங்குகிறோம். பூத்துக்காகவும் இன்லண்டுக்காகவும் ஏங்குவதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் இந்த வாதம் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது? சூழ்நிலைதான் மனிதனை நல்லவனாக்குகிறது என்றால், இன்றைய வீட்டின் சூழ்நிலையை உண்டாக்குபவர் யார்? அந்தப் பையனா? நாமல்லவா?

டி.வி. பெட்டியின் கதவு

எங்கள் வீட்டில் 1987-இல் அத்தா ஒரு டயனோரா டி.வி. வாங்கினார். மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடும் கதவு, அதற்குப் பூட்டு. சாவி அத்தாவின் பெல்ட் பையில் இருக்கும். அந்நாளில் பெரியவர்கள் பலர் டி.வி.யை ‘ஷைத்தான் பெட்டி’ என்றே சொன்னார்கள். அது வந்த வீட்டில் பரக்கத் இருக்காது என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கப் பிள்ளைகள் ஓடியதைக் கண்டு வருந்தினார்கள். 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. தொடங்கிக் கேபிள் வீடு வீடாக வந்தது. 1999-இல் ‘சித்தி’யும், 2002-இல் ‘மெட்டி ஒலி’யும் தொடங்கியபோது, தராவீஹ் தொழுகைக்கும் தொடருக்கும் இடையே நம் வீடுகளில் நடந்த இழுபறி இல்லத்தரசிகளுக்கு நினைவிருக்கும்.

வேடிக்கையைப் பாருங்கள்! அன்று பித்னா என்று எந்தப் பெட்டியைக் கண்டு பயந்தோமோ, அதையே இன்று ‘குடும்பமே கூடி உட்கார்ந்து பார்த்த பொற்காலம்’ என்கிறோம். நாளை இந்தப் பையனும் தன் மகனிடம், “எங்கள் காலத்தில் கைபேசியில் எவ்வளவு அருமையாகப் பேசிக்கொண்டோம் தெரியுமா?” என்று பெருமூச்சு விடக்கூடும்.

காலத்தை ஏசக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ‘அல்-அஸ்ர்’ என்ற சிறிய அத்தியாயத்தை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். அங்கே அல்லாஹ் காலத்தின் மீது சத்தியமிடுகிறான். நஷ்டத்தில் இருப்பதாகச் சொல்வதோ மனிதனை! காலம் கெட்டுவிட்டது என்று சொல்லும்போது, நம் கணக்கில் எழுத வேண்டிய நஷ்டத்தைக் காலத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மக்ரிபு பாங்கு கேட்டதும் அத்தா எழுந்து அந்தக் கதவை இழுத்து மூடிப் பூட்டுவார். இஷா முடியும்வரை அது திறக்காது. அந்த இடைநேரத்தில்தான் நாங்கள் குர்ஆன் ஓதினோம், பாடம் படித்தோம், அம்மாவோடு பேசினோம். அந்த நேரத்தைத் தந்தது டயனோரா அல்ல. பூட்டியவரின் கை. அந்தக் கையை நாம் மறந்துவிட்டுப் பெட்டியைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். அத்தாவும் எளிதாக அதைச் செய்துவிடவில்லை. செய்திகளைக் கேட்க அவருக்கும் ஆசை இருந்தது. தமக்கும் சேர்த்தேதான் பூட்டினார்.

இன்றைய கைபேசிக்கு மரக்கதவு இல்லை என்பது உண்மை. ஆனால் பிள்ளையிடம் ‘போனை வை’ என்று சொல்லும் தகப்பனின் மற்றொரு கையில் போன் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது?

வேலியை நாமே போடுவோம்

நம் இல்லங்களில் மூன்று காரியங்களைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பெரியவர், சிறியவர் எல்லோருடைய கைபேசியும் ஒரே இடத்தில் இருக்கட்டும். பெரியவருடையது முதலில் அங்கே போகட்டும்.

இரண்டாவது, பெருநாளுக்கும் ஜும்ஆவுக்கும் யாரோ செய்த வாழ்த்துப் படத்தை இருநூறு பேருக்குத் தள்ளிவிடுவதை நிறுத்துவோம். பத்து உறவினரையாவது பெயர் சொல்லி அழைத்து ஸலாம் சொல்வோம். கடிதத்தில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதியபோது நாம் செய்த வேலையே அதுதான். உறவைச் சேர்த்து வாழ்வது நம்மீது கடமை. படத்தை அனுப்பினால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

மூன்றாவது, செய்தியைத் தீர விசாரித்துச் சொல்வோம். அன்று இருபத்தொன்பதாம் இரவில் பிறைச் செய்திக்காகப் பள்ளிவாசலில் உள்ள போன் முன்னால் கூட்டமாக நிற்போம். சென்னையில் தலைமைக் காஜியின் அறிவிப்பு வந்தபிறகே ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இன்று மக்ரிபு தொழுகையில் ஸலாம் கொடுப்பதற்குள் ஐந்து விதமான பிறை ஐந்து ஊர்களிலிருந்து வந்துவிடுகிறது. வந்த செய்தியைத் தெளிவாக விசாரிக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. அது தந்திக்கும் பொருந்தும், வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும்.

இவையெல்லாம் சிறிய காரியங்கள்தான். ஆனால் பட்டினியை நோன்பாக மாற்றுவதும் நிய்யத் என்ற ஒரு சிறிய காரியம்தானே!

அந்தக் கேசட்

இதை எழுதும் எனக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அண்ணன் தம்மாமை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வந்தவாசியில் இருக்கிறார். பஸ்ஸில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம். கைபேசியில் பேசக் காசே இல்லை. ஆனால் அந்தப் பையன் கேள்வி கேட்ட அன்று இரவு எண்ணிப் பார்த்தேன். அண்ணனோடு நான் கடைசியாகப் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது. இடையில் அனுப்பியதெல்லாம் வாழ்த்துப் படங்கள்தான்.

மறுவாரம் அக்காவின் பீரோவிலிருந்து அந்தக் கேசட்டை வாங்கி, சின்னக்கடைத் தெருப்பக்கம் பழைய டேப் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்து, அதைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டேன். வந்தவாசிக்குப் போனேன். அண்ணன் முன்னால் வைத்து, “கேக்கலாமா அண்ணே?” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “போடு” என்றார்.

முதலில் ஸலாம். பிறகு அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பு. தைலம் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார். தான் சமைத்த குழம்பு தீய்ந்துபோனதைச் சொல்லிச் சிரிக்கிறார். பக்கத்து வீட்டுப் போன்காரர் குடும்பத்துக்குப் பெயர் பெயராக விசாரிப்பு. இடையே தம்மாமில் பாங்கு கேட்கிறது. அதை முழுவதும் ஓட விட்டிருக்கிறார். அறுபது நிமிடக் கேசட், இரண்டு பக்கமும் நிறைய.

முடிந்ததும் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இதப் பேசி முடிக்க மூணு நாள் ஆச்சுடா. டூட்டி முடிஞ்சு வந்து தெனமும் கொஞ்சம் கொஞ்சமாப் பேசுவேன்.”

களைத்து வந்த ஒருவர், தாய்க்காக அறுபது நிமிடம் பேசியிருக்கிறார். கையில் எல்லாம் இருந்தும் நான் ஐந்து மாதமாக அவருக்கு ஆறு நிமிடம் தரவில்லை. கேசட் இருந்ததால் அவர் நல்ல மகனாகவில்லை. கைபேசி வந்ததால் நான் மோசமான தம்பியாகவும் ஆகவில்லை. மேலும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டிக் கிடந்த அந்தக் குரலை அவர் காதில் மறுபடி சேர்த்ததும் நான் குறை சொன்ன இதே கைபேசிதான்.

ஆகவே அந்த மாணவனுக்கு என் பதில் இது: தம்பி, நீ கெட்ட காலத்தில் பிறக்கவில்லை. எங்கள் முன்னால் சோறு இல்லை. உன் முன்னால் நிறைய இருக்கிறது. அதனால் நோன்பு வைக்கும் வாய்ப்பு எங்களைவிட உனக்கே அதிகம். எங்களை மன்னித்துவிடு, நீ அதைப் பழகும் வீட்டை அமைத்துத் தர வேண்டியவர்கள் நாங்கள். திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

கிடைத்த நிஃமத்துக்கு நன்றி செலுத்தவும், கையிலுள்ள காலத்தை நஷ்டமாக்காமல் உறவுகளைப் பேணி வாழவும் வல்ல நாயன் நம் எல்லோருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.